முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

2059 ஆகஸ்ட் 27 அன்று, திருப்பூர் அவிநாசி சாலையில் உள்ள ஒரு திருமண மண்டபத்தின் வாசல் வளைவு, காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் 1,412 பேரின் உடலைப் படித்தது. அவர்களில் 391 பேரின் சிறுநீரகங்களில் நீர்க்கட்டி இருந்தது.

அந்த 391 பேரில் கடைசியாக வந்தவர் கவின்குமார். வயது ஐம்பத்தேழு, நூல் சாயப் பட்டறை வைத்திருப்பவர். பட்டு வேட்டி சரசரக்க அவர் வளைவைக் கடந்ததும் மேலே இருந்த திரையில் எழுத்துகள் ஓடின: ‘இடது சிறுநீரகம். நீர்க்கட்டி ஒன்று. 32 மி.மீ. முதல் வகை. வழிகள் மூன்று.’ பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பன்னீர் தெளிக்க நின்ற பெண் முதலில் திரையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் தெளித்தாள். வரவேற்பில் இதுதான் இப்போது முறை. ஆளைப் பார்த்ததும் சிரிப்பதில்லை, படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

உள்நோக்கு வளைவு வந்து எட்டு வருடமாகிறது. கதவுநிலை மாதிரி இருக்கும். மூன்று அடி நடப்பதற்குள் ஈரல் முதல் சிறுநீரகம் வரை ஒவ்வொரு உறுப்பையும் படம் பிடித்துவிடும். புற்றுநோயை முளையிலேயே பிடிப்பதற்காகத்தான் அதைச் செய்தார்கள். சில ஆயிரம் பேரை அது காப்பாற்றவும் செய்தது, அதில் பொய்யில்லை. ஆனால் ஒருவரைக் காப்பாற்ற ஆயிரம் பேரைப் படிக்க வேண்டும். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரில் பலருக்கும் உள்ளே ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்தது. ஒரு கட்டி, ஒரு புள்ளி, ஒரு மடிப்பு. மறைப்பவன் மட்டுமே பயப்பட வேண்டும் என்று ஓர் அமைச்சர் மேடையில் முழங்க, மக்கள் கைதட்ட, திறந்த உடல் சட்டம் வந்தது. அன்றிலிருந்து படித்ததை எல்லோருக்கும் தெரியும்படி காட்ட வேண்டும். அலுவலகம், வணிக வளாகம், கல்யாண மண்டபம் என்று எங்கும் வளைவுகள் முளைத்தன. பச்சை என்றால் ‘நிறைவுடல்’. மஞ்சள் என்றால் ஏதோ இருக்கிறது. சிவப்பு என்றால் புற்று ஐயம்.

மருத்துவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் சங்கம் போராடி வாங்கியது. அதனால் கவின்குமாரின் தங்கை மோகனப்பிரியா பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, அண்ணனின் தலைக்கு மேல் எரிந்த மஞ்சளைத் தூரத்திலிருந்து பார்த்தாள். அவள் படவாசிப்பு மருத்துவர். மனிதர்களை உள்ளிருந்தே பார்த்துப் பழகியவளுக்கு வெளித்தோற்றத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை. முப்பது வருடம் பார்த்த பிறகு உள்தோற்றத்தின் மேலும் இல்லை. முப்பத்திரண்டு மில்லிமீட்டர் நீர்க்கட்டி என்றால் மெல்லிய தோல் பைக்குள் கொஞ்சம் தெளிந்த நீர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கும். வலிக்காது, வளர்ந்தாலும் மெதுவாக வளரும், சொந்தக்காரர் செத்த பிறகும் அது பாட்டுக்கு இருக்கும். இதைப் பார்த்து மண்டபமே குசுகுசுக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கசந்த திருப்தி இருந்தது. மனிதர்களைப் பற்றி அவள் வைத்திருந்த கருத்துக்கு வாரம் ஒரு கல்யாணம் சாட்சி சொன்னது.

பந்தியில் கவின்குமாருக்கு எதிர் இலையில் பிரணவ் உட்கார்ந்தார். நூற்பாலை முதலாளி. அவருடைய மகனுக்குத்தான் கவின்குமாரின் மகள் ஆதிரையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முக்கால் பங்கு முடிந்திருந்தது.

“ஏனுங் சம்பந்தி, மஞ்சக் காட்டுதாட்ட இருக்குது?” என்றார் பிரணவ், ரசத்தைச் சோற்றுக் குழிக்குள் நிறுத்தியபடி.

“அது ஒண்ணுமில்லீங். சின்னது.”

“சின்னதுதானுங். முப்பத்திரெண்டு. என்ற பெரியப்பா மகனுக்கு இருவத்தெட்டு இருந்துதுங். ஊசித்தும்பி வெச்சுத் தண்ணியை எடுத்துப்போட்டோம். இப்பப் பச்சையாப் போறான், பச்சையா வர்றான்.”

“பாத்துக்கலாமுங்.”

“எனக்கு ஒண்ணுமில்லீங். நானெல்லாம் இதைப் பெருசா எடுத்துக்கறதே இல்லை. வூட்ல பொம்பளைங்கதான். பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கற கையி மஞ்சளா இருந்துதுன்னா, நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்லொ?”

மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுப் பெண்கள் அப்பளத்தைத் தவிர எதையும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த இலையில் இருந்த கவின்குமாரின் மனைவி தாரணி பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணனும் அண்ணியும் மோகனப்பிரியாவின் வாசிப்பு அறைக்கு வந்தார்கள். திரையில் கவின்குமாரின் இடது சிறுநீரகம் அவரை விடப் பெரிதாக நின்றது. அதன் நடுப்பக்கம், குழாய்கள் நுழையும் இடத்துக்கு அருகில், கறுப்பாக ஒரு வட்டம்.

“இதுதானா?” என்றாள் தாரணி, சட்டையில் சாயக்கறையைப் பார்த்தவள் போல.

“இதுதான் அண்ணி. சுத்தமான தண்ணி. வழி மூணு இருக்குது. முதல் வழி கண்காணிப்பு. ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்காப் பாத்தாப் போதும். ரெண்டாவது, முதுகுப் பக்கமா ஊசி விட்டுத் தண்ணியை உறிஞ்சிட்டு, பை திரும்ப ரொம்பாம இருக்க உறைதிரவம் விடறது. மூணாவது, வயித்துல சின்னத் துளை போட்டுப் பையோட கூரையை வெட்டி எடுக்கறது. வலி வந்தாலோ, சீழ் புடிச்சாலோ, சிறுநீர் அடைச்சாலோதான் பின்னால இருக்கற ரெண்டும். அண்ணனுக்கு எதுவுமே இல்லை. முதல் வழிதான்.”

கவின்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சும்மா இருக்கறதுக்கு எதுக்கு அம்மிணி வழின்னு பேரு வெச்சீங்க?”

“ஏன்னா அதுதான் ண்ணா இதுக்கு வைத்தியம்.”

“வைத்தியம்னா எதாச்சும் செய்யோணுமல்லொ? பட்டறையில மிசினு சத்தம் போட்டா, ‘சும்மா உடு, ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்கலாம்’னு ஃபிட்டர் சொன்னான்னா நான் சம்பளம் குடுப்பனா?”

“உங்க மிசினு சத்தம் போடலை. கதவைத் திறந்து உள்ள பாத்தவனுங்கதான் சத்தம் போடறானுங்க.”

“முதல் வழி போட்டா வெளக்கு என்ன காட்டும்?” என்றாள் தாரணி.

மோகனப்பிரியா உள்ளதை உள்ளபடி சொன்னாள். மஞ்சள்தான் காட்டும். அதோடு கீழே ஒரு வரியும் வரும்: ‘சிகிச்சை மறுத்தார்.’

அந்த வரி எப்படி வந்தது என்று தெரிந்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. 2053-இல் சென்னையில் கூடிய மருத்துவர் குழுதான் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் வழிகளை வகுத்தது. கண்காணிப்பை முதல் வழியாக வைக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசியவள் அவளே. குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் படிவத்தை வடிவமைத்த நிரலாளர்கள் கடைசியில் இரண்டே கட்டங்கள் வைத்திருந்தார்கள்: ‘சிகிச்சை ஏற்றார்’, ‘சிகிச்சை மறுத்தார்’. சும்மா இருப்பதற்குக் கட்டம் இல்லாததால் அது இரண்டாவதில் போய் விழுந்தது. வரைவின் நாற்பத்தோராம் பக்கத்தில் மோகனப்பிரியா அதைக் கவனித்தாள். அப்போது மணி ஒன்றே கால். பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். அந்தக் கேள்விக்குறியை யாரும் அழிக்கவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை.

“மறுத்தார்னு போடுவாங்களா?” கவின்குமார் எழுந்து நின்றுவிட்டார். “எதை மறுத்தேன்? குடுத்ததுல ஒண்ணைத்தான எடுத்தேன்?”

“எழுதிப் போடறேன் ண்ணா. மாத்தச் சொல்றேன்.”

வளைவுகளை நிர்வகிக்கும் வாரியத்துக்கு அன்றே எழுதினாள். பதினேழு நாளில் வாரியத்திடமிருந்து பதில் வந்தது. சென்ற ஆறு ஆண்டுகளில் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை என்றும், ஆகவே மேற்படி கட்டத்தால் பாதிக்கப்பட்டோர் எவருமில்லை என்றும், மாற்றம் தேவைப்படவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஏன் ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று வாரியத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். இதை எழுதியவனின் மண்டையை வளைவு படித்தால் பச்சைதான் காட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள் அண்ணன் படிவத்தோடு வந்தார். இரண்டாவது வழி. படவாசிப்பாளர் கையொப்பம் வேண்டும்.

“வேண்டாம் ண்ணா. நல்லா இருக்கற எடத்துல ஊசியை உடறது...”

“நீ போடலீன்னா கீழ் மாடி டாக்டரு போட்டுக் குடுப்பாரு. ஆனா தங்கச்சியே போடலையாமான்னு கேப்பாங்க. அதுக்குப் பதிலு நான் சொல்லோணும்.”

“யாரு கேப்பாங்க?”

“எல்லாரும்தான். நீ படத்தோடவே இருக்கறே. ஊரோட இருந்து பாரு அம்மிணி.”

ஆதிரையின் முகம் அவள் கண்ணுக்குள் வந்தது. கையெழுத்துப் போட்டாள். காரணம் எழுதும் இடத்தில் ‘நோயாளி விருப்பம்’ என்று எழுதினாள். அந்த இரண்டு சொற்களில் தன் ஏளனம் முழுவதும் பதிவாகிவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

ஊசித்தும்பி நிலையம் வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், ஒரு செருப்புக் கடைக்கும் பழச்சாறுக் கடைக்கும் நடுவில் இருந்தது. தும்பி என்பது உள்ளங்கை அகலக் கருவி. குப்புறப் படுத்தவரின் முதுகில் ஆறு காலால் பற்றிக்கொண்டு, தானே இடம் பார்த்து, தானே ஊசி இறக்கி, நீரை இழுத்து, உறைதிரவத்தை விட்டுவிட்டுக் காலை எடுத்துவிடும். நாற்பது நிமிடம். வெளியே வரும்போது வாசல் வளைவு பச்சை காட்டும். உடன் வந்தவர்கள் கைதட்டுவார்கள். பழச்சாறுக் கடைக்காரர் ஒரு கோப்பை நீட்டுவார். எல்லாம் முடிந்த பிறகு, பச்சை எரிவதைப் பார்ப்பதற்காகவே கவின்குமார் அந்த வளைவு வழியாக மூன்று முறை உள்ளே போய் மூன்று முறை வெளியே வந்தார். தாரணி மூன்று முறையும் படம் எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. இப்படி ஒரு விருந்து ஊரில் பழக்கமாகிவிட்டிருந்தது. உறிஞ்சிய நீரைச் சிறு குப்பியில் அடைத்துத் தருவார்கள். அதை வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ‘எவ்வளவு தண்ணி!’ என்று வியந்தார்கள். நாலு தேக்கரண்டி இருக்கும். பிரணவ் குடும்பத்தோடு வந்து சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு மெல்போர்னில் ஒப்பந்தம் முடிய வேண்டியிருந்ததால் கல்யாணம் 2061 தை மாதம் என்று முடிவானது.

2060 நவம்பர் முதல் வாரத்தில் வளைவுகளுக்குப் புதிய நிரல் ஏற்றினார்கள். முன்னதை விட மூன்று மடங்கு கூர்மை என்றார்கள். அந்த வாரம் தமிழ்நாடு முழுவதும் பதினோராயிரம் பேருக்குச் சிவப்பு எரிந்தது. கவின்குமார் வங்கிக்குப் போனபோது எரிந்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாலு பேர் ஓரடி பின்வாங்கினார்கள், புற்று தொற்றிக்கொள்ளும் என்பது போல.

‘இடது சிறுநீரகம். நீர்க்கட்டி. 35 மி.மீ. தடித்த சுவர், உள்தடுப்புகள். மூன்றாம் வகை. புற்று ஐயம்: நூற்றுக்கு ஐம்பது. வழிகள் மூன்று.’

மோகனப்பிரியா படத்தைத் திறந்ததும் நடந்தது புரிந்துவிட்டது. உறிஞ்சிய பை மறுபடி நிரம்பியிருந்தது. அப்படி நிரம்புவது உண்டு; தும்பி தொட்ட இடத்தைப் பழைய நிரல் திரும்பப் படிக்காது என்பதால் இத்தனை நாள் தெரியவில்லை. உறைதிரவம் பட்ட சுவர் தழும்பாகித் தடித்திருந்தது. தும்பியின் ஊசி கசியவிட்ட இரத்தம் உறைந்து உள்ளே நூல் நூலாகக் குறுக்கே ஓடியது. புதிய நிரலுக்குப் பாடம் கற்பித்தவர்கள் இயற்கையான உடல்களின் படங்களை மட்டும் கொடுத்திருந்தார்கள். தும்பி தொட்ட சிறுநீரகம் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் காட்டவில்லை. தடித்த சுவரையும் தடுப்புகளையும் கண்டால் புற்றாக இருக்கலாம் என்று சொல்லத்தான் அதற்குத் தெரியும். அது சொன்னது. சும்மா விட்டிருந்தால் மெல்லிய தோலாகவே இருந்திருக்கும்.

“தழும்பு ண்ணா இது. நாமளே போட்ட தழும்பு.”

கவின்குமார் இரண்டு வாரத்தில் மெலிந்திருந்தார். “புத்து இல்லையா?”

“இல்லை.”

“சரி, அப்ப எழுதிக் குடு.” படிவத்தை மேசைமேல் வைத்தார். “புத்து இல்லைன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா வெளக்கு மஞ்சளுக்கு வந்துரும்னு சொன்னாங்க. மஞ்சளே போதும் அம்மிணி. செவப்பு எரிஞ்சா மணமேடையில ஏத்தவே மாட்டாங்களாமா. சம்பந்தி போனை எடுக்க மாட்டேங்கறாரு.”

“ஏத்தாட்டிப் போகுது, உங்கண்ணன் மேடை ஏறாமயே கல்யாணம் நடத்திக்கலாம்,” என்றாள் கூட வந்திருந்த தாரணி. “எனக்கு அதில்ல மோகனா. நெசமாலுமே புத்து இல்லைதானே? நீ சத்தியமாச் சொல்லு.”

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ‘ஐயம் நீங்கியது’, ‘ஐயம் நீங்கவில்லை’. முதலாவதில் குறியிட்டு, பிறகு புற்று என்று தெரிந்தால், வாசிப்பாளரின் உரிமம் போகும். பெயர் ஓராண்டு எல்லா வளைவுகளின் திரையிலும் ஓடும். சட்டம் அப்படித்தான் இருந்தது.

அவள் அந்தப் படத்தைப் பதினொரு முறை பார்த்தாள். ஒவ்வொரு நூலாகப் பெரிதாக்கினாள். தழும்புதான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிச்சயம். மீதி இரண்டுக்குப் பயந்து உடம்பை வெட்டக் கொடுக்கிறவர்களைப் பற்றி அவள் இருபது வருடமாகச் சக மருத்துவர்களிடம் நகைச்சுவையாகப் பேசி வந்திருக்கிறாள். நல்ல நகைச்சுவைகள். மாநாடுகளில் எடுபட்டவை.

“தொண்ணூத்தெட்டு ண்ணா,” என்றாள்.

“ரெண்டு எங்க போச்சு?”

அவள் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கினாள்.

“நீதான சொன்னே, இல்லைன்னு. வாயில சொல்றே. கையில எழுத மாட்டேங்கறே.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்க்கிறவர் போலச் சொன்னார். “உனக்கே பயமா இருக்குதுன்னா நான் எப்படி அம்மிணி உள்ளாற வெச்சுட்டுத் தூங்கறது?”

“ஆறு மாசம் பாக்கலாம். முதல் வழி...”

“மறுபடியும் சும்மா இருக்கச் சொல்றே.”

தாரணி கேவினாள். சுவர்க்கடிகாரம் இருக்கும் பக்கமாக மோகனப்பிரியா திரும்பிக்கொண்டாள். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். பேனாவை எடுத்தாள். முதல் கட்டத்தின் மேல் நுனியை வைத்தாள். உரிமம், முப்பது வருடம், எல்லா வாசல்களிலும் தன் பெயர். பேனா ஒரு விரற்கடை கீழே இறங்கி, ‘ஐயம் நீங்கவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டது. கவின்குமார் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வர்றேன் கண்ணு,” என்றார்.

மூன்றாம் வகைக்கு உரிய வழிகள்: கண்காணிப்பு; கட்டியை மட்டும் வெட்டுதல்; சிறுநீரகம் முழுவதையும் எடுத்தல். கட்டி குழாய்களுக்கு அருகில் இருந்ததால் இரண்டாவது வழி கடினம் என்றது இயந்திரம். கவின்குமார் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். படிவத்தில் ‘சிகிச்சை ஏற்றார்’ என்று பதிவானது. 2060 டிசம்பர் 18 அன்று கோயம்புத்தூரில் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். எட்டு நாள் கழித்துத் திசு அறிக்கை வந்தது. தழும்பும் பழைய இரத்தமும் கலந்த நீர்க்கட்டி, புற்று இல்லை. அந்த மாதம் இப்படி எடுத்த மற்றச் சிறுநீரகங்களின் அறிக்கைகளும் மோகனப்பிரியாவின் மேசைக்கு வந்தன. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றிலும் புற்று இல்லை. அவற்றைப் பற்றி அவள் யாரிடமும் நகைச்சுவையாகப் பேசவில்லை.

அந்த நாற்பத்து மூன்றையும் சேர்த்து, புதிய நிரல் புற்றைத் தடுத்த வெற்றிகள் என்று வாரியம் ஆண்டறிக்கையில் வெளியிட்டது.

தை இருபத்தொன்று, முகூர்த்தம். இருப்பதில் குறை தேடத்தான் வளைவுக்குத் தெரியும். இல்லாததைப் பற்றி அதற்கு எந்தக் கேள்வியும் கிடையாது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு கவின்குமார் மெல்ல நடந்து உள்ளே வந்தபோது பச்சை எரிந்தது. ‘நிறைவுடல்’ என்றது திரை. பிரணவ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் அன்னிக்கே சொன்னேனுங்களே சம்பந்தி, இதெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு!” கவின்குமார் தாரை வார்த்தார். ஆதிரை அழுதாள், பெண்கள் எல்லோரும் அழுதார்கள். மோகனப்பிரியா பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, பக்கவாட்டுக் கதவு வழியாகவே போனாள்.

2061 ஜூன் 9 அன்று, வங்கி வாசலில் இருந்த வளைவு கவின்குமாரின் வலது சிறுநீரகத்தில் ஒன்பது மில்லிமீட்டர் நீர்க்கட்டி ஒன்றைக் கண்டது. முதல் வகை. வழிகள் மூன்று. மறுநாள் காலை பத்தே காலுக்கு அவர் இரண்டாவது வழிக்குப் பதிவு செய்தார்.